பாரிஸும் ப்ரொவான்ஸும், நாலு நண்பர்கள், ஜூலை மாதம்: ரயிலா, காரா, படகா?

பிரான்ஸுக்குக் குழு சேர்ந்தவுடன் வாட்ஸ்அப்பில் முதல் சண்டை ஊர்களைப் பற்றித்தான் நடக்கும். ஒருவருக்கு நீஸ் கடற்கரை, இன்னொருவருக்கு போர்தோ, மூன்றாமவருக்கு ஆல்ப்ஸ். ஆனால் காசும் நிம்மதியும் கரைவது அதற்கு அடுத்த கேள்வியில்: எதில் போவது? இதற்குப் பொதுவான பதில் கிடையாது. எத்தனை பேர், எத்தனை பெட்டி, அதில் கியர் வண்டி ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற மூன்று எண்களைச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரே பயணத்தை எடுத்துக்கொள்வோம். நாலு பேர், பத்து நாள், ஜூலை முதல் பாதி. மூன்று நாள் பாரிஸ், மீதி தெற்கே ப்ரொவான்ஸ்: அவிஞோன், லுபேரோன் மலைக் கிராமங்கள், லாவெண்டர் வயல், முடிந்தால் மார்செய் பக்கம் கடல். இதற்கு எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாரிஸிலிருந்து அவிஞோன் வரை ரயில், அங்கே இறங்கி நாலைந்து நாளுக்கு மட்டும் கார். பத்து நாளும் கார் வைத்திருப்பது வீண். பத்து நாளும் ரயிலையே நம்பினால் பார்க்க வந்த கிராமங்களைப் பார்க்க முடியாது.

பாரிஸ் – அவிஞோன்: கணக்குப் போட்டுப் பார்த்தால்

சாலை வழியே சுமார் 690 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் என்று வைத்தால் நாற்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல், லிட்டர் 1.75 யூரோ என்றால் 70 யூரோவைத் தாண்டும். டோல் 60 யூரோவை ஒட்டி வரும். ஆக ஒரு வழிக்கு 130 சொச்சம், தலைக்கு 33. கார் வாடகை இதில் சேரவில்லை. சாப்பாட்டுக்கும் காபிக்கும் நிறுத்தாமல் ஓட்டினாலே ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும்.

டிஜிவி அதிவேக ரயில் இதே தூரத்தை சுமார் 2 மணி 40 நிமிடத்தில் கடக்கும். முன்கூட்டியே எடுத்தால் மலிவு வகையான வீகோவில் தலைக்கு முப்பது யூரோவுக்குள் கிடைக்க வாய்ப்புண்டு. அதே இருக்கையைக் கடைசி வாரத்தில் வழக்கமான டிஜிவி இனுயியில் எடுத்தால் 100ஐத் தொடும். விமான டிக்கெட்டைப் போலவே இருக்கை நிரம்ப நிரம்ப விலை ஏறும். கோடைக்கால டிக்கெட்டுகளைச் சில மாதங்கள் முன்பே மொத்தமாகத் திறந்துவிடுவார்கள். அந்த வாரத்தில் எடுப்பவர்களுக்கு ரயில்தான் லாபம். ஜூன் கடைசியில் விழித்துக்கொண்டால் காசுக் கணக்கில் கார் ஜெயிக்கும், நேரக் கணக்கில் அப்போதும் ரயில்தான். குழுவில் 27 வயது வரை உள்ளவர்கள் இருந்தால் 49 யூரோ கொடுத்து 'அவான்தாஜ் ஜோன்' அட்டை வாங்கலாம். இனுயியிலும், அன்தெர்சிதே என்ற அதிவேகமில்லாத நெடுந்தூர ரயில்களிலும் 30 சதவீதம் குறையும். நீண்ட தூரம் போய்வந்தாலே போட்ட காசு திரும்பிவிடும்.

நேராகத் தெற்கே போக நினைப்பவர்கள் பாரிஸ் நகருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. சார்ல் த கோல் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலேயே டிஜிவி நிலையம் இருக்கிறது. லியோன், அவிஞோன், மார்செய் பக்கம் அங்கிருந்தே நேரடி ரயில் உண்டு. பாரிஸைப் பயணத்தின் கடைசி மூன்று நாளுக்குத் தள்ளினால் பெட்டியோடு மெட்ரோ படிக்கட்டு ஏறும் வேலை ஒன்று குறையும். ஆனால் விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். குடிநுழைவு வரிசை நீண்டு ரயில் போய்விட்டால் மலிவு டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது.

ரயிலில் தடுமாறும் இடங்கள்

பாரிஸில் ஆறு பெரிய நிலையங்கள். பெயர்களில் வரும் 'கார்' பிரெஞ்சில் ரயில் நிலையம், வண்டி அல்ல. தென்கிழக்கே போகும் ரயில்கள் கார் த லியோனிலிருந்து, போர்தோவும் மேற்கும் மோன்பர்னாஸிலிருந்து, ஸ்த்ராஸ்பூர் கார் த லெஸ்டிலிருந்து, நார்மண்டி சேன் லஸாரிலிருந்து. எந்த நிலையம் என்று டிக்கெட்டில் பார்க்காமல் கிளம்பினால் அரை மணி நேரம் போச்சு. நடைமேடை எண் பெரும்பாலும் கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்புதான் பலகையில் வரும். கதவு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும்.

அடுத்த பொறி இரட்டை ரயில். கோடையில் இரண்டு டிஜிவிகளை மூக்கோடு மூக்கு இணைத்து ஓட்டுவார்கள். ஒன்றுக்குள்ளிருந்து மற்றதற்கு நடந்து போக வழி கிடையாது, வழியில் பிரிந்து இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போவதும் உண்டு. நாலு பேரில் இருவர் தண்ணீர் வாங்கப் போய்விட்டு அவசரத்தில் கிட்டின கதவில் ஏறினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். பெட்டி எண்ணைப் பார்த்து, நடைமேடையில் எழுதியிருக்கும் எழுத்துக்கு நேராகப் போய் நிற்பது ஒன்றே வழி.

லக்கேஜிலும் கண்டிப்பு வந்துவிட்டது. இனுயியில் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டியும் ஒரு கைப்பையும்தான், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும். வீகோவில் விமானக் கைப்பெட்டி அளவும் ஒரு சின்னப் பையும் மட்டும் இலவசம். பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்துவிட்டால் குறைவு, நடைமேடையில் பிடிபட்டால் அதிகம். நம் ஊரிலிருந்து 23 கிலோ பெட்டியோடு போகிறவர்கள் வீகோவின் விளம்பர விலையை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். இதையும் கூட்டிப் பார்த்தால் இனுயிக்கும் அதற்கும் வித்தியாசம் சில நாளில் ஏழெட்டு யூரோதான் வரும்.

இறங்குமிடம் இன்னொரு விஷயம். அவிஞோன் டிஜிவி நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் அவிஞோன் சான்த்ர் நிலையத்துக்கு உள்ளூர் ரயிலில் ஐந்தாறு நிமிடம். எக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ் டிஜிவியும் இப்படித்தான், அங்கே பஸ் பிடிக்க வேண்டும். நடுவழி நிலையங்களில் ரயில் இரண்டு மூன்று நிமிடமே நிற்கும். மேல்தளத்தில் இடம் இருந்தால் பத்து நிமிடம் முன்பே பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிடுங்கள்.

வேலைநிறுத்தம் வந்தால் எந்தெந்த ரயில் ஓடும் என்ற பட்டியல் முந்தைய நாளே வெளியாகும், பெரும்பாலும் மாலை ஐந்து மணி வாக்கில். ரத்தான ரயிலுக்குப் பணம் திரும்பும் அல்லது வேறு ரயிலுக்கு மாற்றித் தருவார்கள். நாலு பேருக்கும் ஒரே பதிவாக எடுத்திருந்தால் மாற்றும் வேலை ஒரே ஃபோனில் முடியும். ஒன்பது பேர் வரை இப்படி ஒன்றாக எடுக்கலாம், பத்திலிருந்து குழுப் பயணக் கணக்கு.

ஐரோப்பிய ரயில்களுக்கான யூரெயில் பாஸ் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். பாஸ் இருந்தாலும் டிஜிவியில் தனியாகக் காசு கட்டி இருக்கை பதிவு செய்ய வேண்டும். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களும் அளவோடுதான், ஜூலை வார இறுதிகளில் அவை சீக்கிரம் தீரும். வீகோவில் பாஸ் செல்லவே செல்லாது.

ப்ரொவான்ஸில் கார் எதற்கு?

ஆர்ல், லீல் சுர் லா சோர்க், மார்செய், கஸ்ஸிஸ் எல்லாம் உள்ளூர் ரயிலிலேயே எட்டும். அவிஞோனிலிருந்து ஆர்ல் இருபது நிமிடம்தான். கஸ்ஸிஸில் மட்டும் நிலையத்துக்கும் ஊருக்கும் மூன்று கிலோமீட்டர் இடைவெளி. ஆனால் கோர்த், ரூசியோன் போன்ற மலைக் கிராமங்களுக்கு ரயில் கிடையாது, பஸ்ஸும் சொற்பம். வலான்சோல் பீடபூமியின் லாவெண்டருக்கும் வெர்தோன் பள்ளத்தாக்குக்கும் கார் இல்லாமல் போவதை நினைக்கவே வேண்டாம். நாலு பேருக்கும் ஆசை இந்த இடங்களில்தான் என்றால் கார் எடுத்தே ஆக வேண்டும். அவிஞோன் நகரமும் கடலும் போதும் என்றால் காரே வேண்டாம்.

லாவெண்டரைப் பற்றி ஒன்று. வலான்சோலில் ஜூன் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரைதான் ஊதா. பிறகு அறுவடை எந்திரம் இறங்கிவிடும். உயரத்தில் இருக்கும் சோ என்ற ஊர்ப் பக்கம் ஆகஸ்ட் தொடக்கம் வரை பூ நிற்கலாம். ஆகஸ்ட் 10க்கு மேல் பயணம் போடுகிறவர்கள் இதற்காக ஒரு நாள் கார் வாடகை கட்டாதீர்கள்.

காரை அவிஞோன் டிஜிவி நிலையத்திலேயே எடுப்பது நல்லது. வாடகை நிறுவனங்களின் அலுவலகங்கள் நிலையத்தை ஒட்டியே இருக்கின்றன. ஊருக்குள் இருக்கும் கிளைகள் பல, மதியம் 12 முதல் 2 வரையும் ஞாயிறும் மூடியிருக்கும். எடுப்பதற்கு முன் நாலு விஷயம்:

வண்டியின் அளவு. ரெனோ கிளியோ மாதிரிச் சின்னக் காரின் டிக்கி 400 லிட்டருக்குள். இரண்டு பெரிய பெட்டியும் ஒன்றிரண்டு கைப்பையும் வைத்தால் நிறைந்துவிடும். நாலு பேர், நாலு பெட்டி என்றால் பின்பக்கம் நீண்ட எஸ்டேட் வகை கேளுங்கள், அதில் 600 லிட்டர் வரை கிடைக்கும். "ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜன்னல் வழியே பெட்டி தெரியும்படி சுற்றுலா வாகன நிறுத்தத்தில் கார் நிற்பது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. அறையைக் காலி செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் வழியில் போன் து கார் ரோமானியப் பாலத்தை எட்டிப் பார்க்கலாம் என்று நிறுத்தும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இது நடக்கும். டிக்கியை மூடும் தட்டு இருக்கிறதா என்று பார்த்தே வண்டியை வாங்குங்கள்.

கியர். பிரான்ஸில் கேட்காமல் கிடைப்பது கியர் வண்டிதான். ஆட்டோமேட்டிக் கூடுதல் வாடகை, கோடையில் முதலில் தீர்வதும் அதுவே. வலதுபுறம் ஓட்டும் நாடு என்பதால் கியரை வலது கையால் மாற்ற வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் கை தானாகக் கதவைத் தட்டும். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் அவருக்கு அது விடுமுறையாக இருக்காது, மற்ற மூன்று பேர் வைன் சுவைக்க அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அங்கே ரத்தத்தில் மது வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம். இரண்டாவது ஓட்டுநரைச் சேர்க்கத் தினசரிக் கட்டணம் உண்டு, 25 வயதுக்குக் கீழே இருந்தால் அதற்கும் தனி.

உரிமம். இந்திய உரிமம் மட்டும் போதாது. ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, மூல உரிமத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

அட்டை. முக்கிய ஓட்டுநரின் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் முன்பணத்தை முடக்குவார்கள். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. நண்பரின் கார்டும் செல்லாது. ஓட்டுகிறவர் ஒருவர், கார்டு வைத்திருப்பவர் இன்னொருவர் என்று போய் மேசை முன்னால் நிற்கும் குழுக்கள் அதிகம். கார்டின் வெளிநாட்டு வரம்பில் அந்தத் தொகை முடங்க இடம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

சாலையில் வேகம்: நெடுஞ்சாலை 130, மழையில் 110, சாதாரணச் சாலை பெரும்பாலும் 80, ஊருக்குள் 50. கேமரா எங்கும் உண்டு. அபராதச் சீட்டு வாடகை நிறுவனம் வழியே வரும், அவர்கள் விவரம் கொடுத்ததற்கும் ஒரு கட்டணம் எடுத்துக்கொள்வார்கள். கிராமச் சந்திப்பில் பலகை எதுவும் இல்லையென்றால் வலமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். சந்து முனையிலிருந்து பிரேக் போடாமல் வருபவர் பக்கம்தான் சட்டம். டோலில் ஆரஞ்சு நிற 'டி' மட்டும் இருக்கும் வரிசை மின்னணுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு. அதில் நுழைந்துவிட்டுப் பின்னால் எடுக்க முயலாதீர்கள், உதவிப் பொத்தானை அழுத்துங்கள். பங்க்கில் 'கஸோல்' என்றால் டீசல். குழம்பினால் சின்னத்தைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஈ10 பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 டீசல். ஆளில்லாத தானியங்கி பங்க் நூறு யூரோவுக்கு மேல் முடக்கிவிட்டுப் பிறகுதான் உண்மைத் தொகையை எடுக்கும், கார்டில் இடம் குறைவாக இருந்தால் அங்கே திணறும்.

கோர்த் போன்ற கிராமங்களில் காலை பத்து மணிக்கே நிறுத்துமிடம் நிறைந்துவிடும். எட்டரைக்குப் போய்விட்டுப் பதினொன்றுக்குத் திரும்புவதுதான் கெட்டிக்காரத்தனம். வெயிலுக்கும் அதுவே நல்லது.

எட்டுப் பேர் என்றால்?

ஆறிலிருந்து எட்டுப் பேர் வரை இருந்தால் ஒன்பது இருக்கை வேன் கண்ணைக் கவரும். சாதாரணக் கார் உரிமமே போதும், டோலும் இரண்டு மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் கார் கட்டணம்தான். சிக்கல் வேறு இடத்தில். ரெனோ த்ராஃபிக் வகை வேனின் உயரம் 1.97 மீட்டர் வாக்கில். பிரெஞ்சு நகரங்களின் நிலத்தடி நிறுத்துமிடங்கள் பலவற்றில் 1.90 மீட்டரில் கம்பி தொங்கும். அவிஞோன் மதிலுக்குள் அறை எடுத்துவிட்டு வேனை எங்கே விடுவது என்று அலைய நேரும். எட்டுப் பேருக்கு இரண்டு கார்களே மேல். காலையில் தூங்குகிறவர்கள் ஒரு காரிலும், சந்தைக்கு எழுந்து போகிறவர்கள் ஒரு காரிலும் போகலாம். நட்புக்கும் அது நல்லது.

முழுப் பயணமும் காரில் போவது எங்கே சரிப்படும் என்றால், பெரு நகரம் இல்லாத சுற்றுகளுக்கு: பிரான்ஸின் வடமேற்கே நார்மண்டி, பிரித்தானி பகுதிகள், அல்லது தோர்தோன் பக்கம். நார்மண்டிக்குப் போகும் ஏ13 நெடுஞ்சாலையில் 2024 முதல் டோல் சாவடியே கிடையாது. கேமரா எண்ணைப் படம் பிடிக்கும், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். மறந்தால் அபராதம். கேம்பர் வேனை ஜூலை, ஆகஸ்டில் தெற்குக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், முகாம்கள் நிரம்பி வழியும், நினைத்த இடத்தில் இரவு நிறுத்தத் தடை.

பஸ்ஸும் இரவு ரயிலும்

பஸ் மலிவு. ஆனால் பாரிஸ்–லியோனுக்கே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவிஞோன் வரை உட்கார்ந்தால் ஒரு நாள் போச்சு. மாணவர் குழுவுக்குச் சரி.

இரவு ரயில் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய விஷயம். பாரிஸ் ஒஸ்தெர்லிட்ஸிலிருந்து நீஸுக்கு 2021 மே மாதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டிப் பிடிக்கும். முதல் வகுப்பில் நாலு பெர்த், இரண்டாம் வகுப்பில் ஆறு பெர்த் கொண்ட அறைகள். நாலு பேராக முதல் வகுப்பில் ஓர் அறையையே பிடித்துவிட்டால் வெளியார் தொந்தரவு இல்லை, ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம். குளிக்க வசதி கிடையாது. ப்ரொவான்ஸை விட்டு நீஸ் என்று முடிவானால் பகல் டிஜிவி ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அப்போது இரவு ரயிலைத் தாராளமாக யோசிக்கலாம்.

படகு: உட்கார வந்தவர்களுக்கு

துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத்தின் தோ ஏரி வரை 240 கிலோமீட்டர் நீளும் கனால் து மிதி கால்வாயில் வீட்டுப் படகை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிப் போகலாம். பியேர் போல் ரிக்கே 1666இல் தொடங்கிய வேலை 1681இல் முடிந்தது. 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உரிமம் தேவையில்லை, ஒரு சின்னப் பயிற்சி கொடுத்து வாடகை நிறுவனமே தற்காலிகச் சான்று தரும்.

ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் தலைக்கு விலை இறங்கும். வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். கதவை மூடி நீர்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ படகைக் கடத்தும் ஒவ்வொரு நீர்ப்பூட்டிலும் கால் மணி நேரமாவது போகும்: ஒருவர் கரையில் குதித்துக் கயிற்றைக் கம்பத்தில் சுற்ற, ஒருவர் முனையில் நிற்க, ஒருவர் சுக்கான் பிடிக்க, தண்ணீர் ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிற்றைக் கட்டிப் போட்டுவிட்டுப் படம் எடுக்கப் போனால், தண்ணீர் இறங்கும் பூட்டில் படகு கயிற்றில் தொங்கும். பெஸியே அருகே ஃபொன்ஸரானில் படிப்படியாக 21.5 மீட்டர் உயரம் ஏறி இறங்கும் பூட்டுத் தொடர் உண்டு. ஏறவும் இறங்கவும் தனித்தனி நேரம் ஒதுக்கியிருப்பார்கள், தவறினால் அரை நாள் காத்திருப்பு. ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் தாண்டினால் பெரிய விஷயம்.

படங்களில் தெரியும் மர நிழலை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள். 2006இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் கரையோரப் பிளேன் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். அந்தப் பகுதிகளில் ஜூலை மதியம் படகு கொதிக்கும். பத்து ஊர் பார்க்கத் துடிப்பவர் ஒருவர் குழுவில் இருந்தாலும் படகைக் கைவிடுங்கள், மூன்றாம் நாளே மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்.

சனிக்கிழமை என்ற சனி

எதில் போனாலும் பிடித்தாட்டுவது இது. ஜூலை, ஆகஸ்டில் ஜீத் எனப்படும் வாடகை வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். நாடே அன்று இடம் மாறும். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் லியோனுக்குத் தெற்கே ஏ7 நெடுஞ்சாலை நகராது. பிஸோன் ஃபுதே என்ற அரசு முன்னறிவிப்பு ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுக்கும். கறுப்பு நாளில் நெடுந்தூரக் கார் பயணம் போடவே வேண்டாம். நம் கலவைத் திட்டத்தின் பெரிய லாபமே இங்கேதான்: சனிக்கிழமை ரயிலில் இறங்கிப் பக்கத்து ஊர் வீட்டுக்கு நாற்பது நிமிடம் ஓட்டினால் போதும்.

ஜீத்தில் படுக்கை விரிப்பும் துண்டும் பல நேரம் வாடகையில் சேராது, கடைசி நாள் சுத்தம் செய்வதற்கும் தனிக் காசு. தலைக்கு இரவொன்றுக்குச் சுற்றுலா வரி வேறு. ஆனால் சமையலறை கிடைக்கும். நாலு பேர் ஒருவேளை வெளியே சாப்பிடும் காசில் மூன்று நாள் சமைக்கலாம். பாரிஸில் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்து லா ஷப்பேல் ஈழத்தமிழர் கடைகளில் மிளகாய்த்தூளும் பருப்பும் வாங்கிக்கொண்டு போங்கள், லுபேரோன் கிராமத்தில் கிடைக்காது. ஜூலையில் அவிஞோனில் நாடக விழா நடக்கும், மதிலுக்குள் அறை விலை எகிறும். பதினைந்து, இருபது கிலோமீட்டர் தள்ளி வீடு பார்ப்பது மேல்.

முன்பதிவு வரிசை: தேதி, வீடு, ஷெங்கன் விசா, ரயில், கார். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். தங்குமிட உறுதிச்சீட்டில் நாலு பேர் பெயரும் இருக்க வேண்டும், ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்ற மூவரின் கோப்பில் கேள்வி வரும். ஆகவே விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய பதிவாகவே எல்லாவற்றையும் வையுங்கள். ரயில் டிக்கெட்டின் மலிவு விலை அதற்குள் போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான். அதற்காகத்தான் தேதியைச் சீக்கிரம் முடிவு செய்து, விசாவை ஏப்ரலுக்குள் முடிக்கச் சொல்வது.

காரைத் திருப்பும் நாளில் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அவிஞோன் டிஜிவி வந்துவிடுங்கள். டாங்கை நெடுஞ்சாலை பங்க்கில் நிரப்பாமல் சூப்பர்மார்க்கெட் பங்க்கில் நிரப்பினால் லிட்டருக்குக் கணிசமாக மிச்சமாகும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சாவியைக் கொடுக்கும் முன் நாலு பக்கமும், சக்கர விளிம்புகளும், டாங்க் முள்ளும், கிலோமீட்டரும் தெரியும்படி படம் எடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், மூன்று வாரம் கழித்துக் கீறலுக்குப் பில் வரும்போது கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் படங்கள்தான்.